சொல்லாமல் நிறுத்தலாமா?
(குறைதீர்ப்பாளர் என்ற ஏற்பாட்டைப் பற்றி ஒரு சிறு பாடம்)

- இரண்டாம் ஆண்டு மாணவி, மின் மற்றும் மின்னணுவியல் துறை



மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, இன்டக்ஷன் மோட்டார் பற்றி எழுதித் தருகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். ஆனால் அதை எழுத நம் துறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் பத்துப் பேராவது இருக்கிறார்கள். போன வருடம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயம் என்னை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதற்கு விடை தேடி நூலகத்தில் உட்கார்ந்து படித்ததையே இங்கே பாடமாகத் தருகிறேன். பரீட்சைக்கு வராத பாடம்தான். இருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டுக் கதை

எங்கள் அப்பத்தாவுக்கு முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. மாதம் ஒருமுறை சின்ன மிஷினைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வரும் அண்ணனிடம் விரல் ரேகை வைத்துப் பணம் வாங்கும். வெற்றிலை, பிரஷர் மாத்திரை, பேரப்பிள்ளைகளுக்கு மிக்சர் எல்லாம் அதில்தான். ஒரு மாதம் "பணம் ஏறலை பாட்டி" என்றார் அந்த அண்ணன். அடுத்த மாதமும் ஏறவில்லை. மூன்றாவது மாதம் அப்பத்தா மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்தது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். "நீதான் போயிக் கேட்டுட்டு வரணும்த்தா" என்று சொல்லிவிட்டார்கள். லேப் இல்லாத நாளாகப் பார்த்து லீவு போட்டுவிட்டு அந்த அலுவலகத்துக்குப் போனேன்.

முதல் தடவை, "கம்ப்யூட்டர்ல பேரே வரலைம்மா" என்றார்கள். இரண்டாம் தடவை, சம்பந்தப்பட்டவர் மீட்டிங்குக்குப் போயிருந்தார். மூன்றாம் தடவை ஆதார் ஜெராக்ஸ், பாஸ்புக் ஜெராக்ஸ் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரசீது எதுவும் தரவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. நான்காம் தடவை வயதான ஒருவர் பழைய பட்டியலை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அப்பத்தா பெயருக்கு நேராக "ஆள் ஊரில் இல்லை" என்று எழுதியிருந்தது.

விஷயம் இதுதான். அத்தை மகளுக்குப் பிரசவம் என்று அப்பத்தா இருபது நாள் அத்தை வீட்டில் போய் இருந்தது. அந்த நேரம் பார்த்துச் சரிபார்க்க வந்தவர், பூட்டின கதவைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டார். யாரும் எங்களிடம் லஞ்சம் கேட்கவில்லை. யாரும் விரட்டவும் இல்லை. கடைசியில் மனு கொடுத்து, ஐந்தாவது மாதம் பணம் மறுபடி வர ஆரம்பித்தது. இடையில் விட்டுப்போன மாதங்களின் பணம் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

அப்பத்தா அழவில்லை, சாபம் விடவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டது: "நிறுத்துறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம்லத்தா?"

இந்தக் கேள்வியை எங்கே போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் விரிவுரையாளர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சொன்னார்: "லஞ்சம் கேட்டா லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கு. சட்டத்தை மீறினா கோர்ட் இருக்கு. இது ரெண்டும் இல்லாம, நடத்தின விதம் சரியில்லைங்கிற குறைக்குன்னு சில நாட்டுல தனியா ஒருத்தரையே நியமிச்சிருக்காங்க. ஆம்புட்ஸ்மேன்னு பேரு. படிச்சுப் பாரு." அப்படித்தான் இந்தப் பாடம் தொடங்கியது.

பெயரும் பிறப்பும்

ஆம்புட்ஸ்மேன் என்பது ஸ்வீடன் நாட்டுச் சொல். ஒருவருக்காகப் பேசும் பிரதிநிதி என்று பொருள். தமிழில் குறைதீர்ப்பாளர் என்கிறோம். இலங்கைத் தமிழில் குறைகேள் அதிகாரி என்கிறார்கள்.

ஸ்வீடன் அரசர் 12-ஆம் சார்லஸ் போரில் தோற்றுத் துருக்கியில் தங்கியிருந்தபோது, தம் நாட்டு அதிகாரிகள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று பார்க்க 1713-இல் ஒருவரை நியமித்தார். அவர் அரசரின் ஆள். 1809-இல் வந்த அரசியலமைப்புச் சட்டம்தான் நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கும் குறைதீர்ப்பாளரைக் கொண்டுவந்தது. இந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள். அரசாங்கத்தின் மேல் வரும் புகாரை அரசாங்கத்தின் ஆளே விசாரித்தால் எப்படி இருக்கும்? அதனால்தான் அவர் நாடாளுமன்றத்தின் ஆளாக மாறினார்.

நூறு வருடத்துக்கும் மேல் இது ஸ்வீடனுக்குள்ளேயே இருந்தது. பிறகு பின்லாந்து எடுத்துக்கொண்டது. 1955-இல் டென்மார்க், 1962-இல் நியூசிலாந்து, 1967-இல் பிரிட்டன் என்று பரவியது. இதில் பிரிட்டனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். காரணம், அங்கே நடந்த ஒரு வழக்கு எங்கள் அப்பத்தா கதையைப் போலவே இருக்கிறது.

எது குறை?

பிரிட்டனின் 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைதீர்ப்பாளர் பார்ப்பது நிர்வாகக் கோளாறு. அதாவது பாரபட்சம், அலட்சியம், காலதாமதம், திறமைக்குறைவு, இஷ்டத்துக்கு முடிவெடுப்பது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவது போன்றவை.

இங்கே ஒரு முக்கியமான கோடு இருக்கிறது. கோளாறு இல்லாமல் எடுத்த முடிவு உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அவர் அதை மாற்ற மாட்டார். "எனக்கு ஏன் கொடுக்கவில்லை?" என்பதைவிட "அந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள்?" என்பதுதான் அவருடைய கேள்வி. ஆளை விசாரித்தார்களா? காகிதத்தைப் படித்தார்களா? தகவல் கொடுத்தார்களா? தங்கள் விதியைத் தாங்களே பின்பற்றினார்களா?

நம் பாஷையில் சொன்னால், அவர் ஒரு மல்டிமீட்டர் மாதிரி. எந்த இடத்தில் கன்டினியூட்டி போய்விட்டது என்று காட்டுவார். ஒயரை மாற்றிப் போட வேண்டியது அந்தத் துறையின் வேலை.

மனு போகும் பாதை

1. முதலில் சம்பந்தப்பட்ட துறையிலேயே புகார் செய்ய வேண்டும். தவறைத் திருத்திக்கொள்ள அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும்.

2. அங்கே தீரவில்லை என்றால் எழுத்தில் குறைதீர்ப்பாளருக்கு அனுப்ப வேண்டும். மத்திய அரசுத் துறைகளைப் பற்றிய புகார் என்றால் பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலமாகத்தான் போக முடியும். மருத்துவ சேவை பற்றியது என்றால் நேரடியாகவே போகலாம். விஷயம் தெரியவந்து 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. தகுந்த காரணம் இருந்தால் தளர்த்தலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை.

3. புகார் வந்ததும், இது நம் வரம்புக்குள் வருகிறதா, கோர்ட்டுக்குப் போக வேண்டியதா என்று பார்ப்பார்கள். இந்தக் கட்டத்திலேயே நிறையப் புகார்கள் நின்றுவிடும்.

4. எடுத்துக்கொண்டால் விசாரணை. இரண்டு பக்கமும் கேட்பார்கள். ஃபைலைக் கேட்டு வாங்குவார்கள். சாட்சியை வரவழைக்கவும் ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லவும் உயர் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கும் உண்டு. "ஃபைல் காணோம், நாளைக்கு வாங்க" என்று நம்மிடம் சொல்வதுபோல் அவரிடம் சொல்ல முடியாது.

5. கடைசியில் அறிக்கை. கோளாறு நடந்ததா? அதனால் இவருக்கு அநீதி நேர்ந்ததா? இரண்டுக்கும் "ஆம்" என்றால் பரிகாரம் சொல்வார். மன்னிப்புக் கடிதம், முடிவை மறுபடி பரிசீலிப்பது, இழப்பீடு, இனிமேல் இப்படி நடக்காதபடி நடைமுறையை மாற்றுவது ஆகியவை அதில் வரலாம்.

மன்னிப்பும் பரிகாரப் பட்டியலில் இருப்பதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டேன். அரசாங்கம் எங்கள் அப்பத்தாவிடம் "தப்பு எங்களுடையது" என்று ஒரு கடிதம் எழுதினால் எப்படி இருக்கும்! அதைப் படித்துக்காட்டவும் நான்தான் வேண்டும்.

மூன்று வழக்குகள்

முதல் வழக்கு. இரண்டாம் உலகப் போரில் நாஜிகளின் முகாம்களில் அவதிப்பட்டவர்களுக்குக் கொடுப்பதற்காக, 1964-இல் மேற்கு ஜெர்மனி பிரிட்டனுக்குப் பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது. சாக்ஸன்ஹவுசன் முகாமில் இருந்த 12 பேருக்குப் பணம் மறுக்கப்பட்டது. அவர்கள் அடைக்கப்பட்டிருந்த கட்டடம் முகாமின் பிரதான வளாகத்துக்குள் இல்லை என்று வெளியுறவு அலுவலகம் காரணம் சொன்னது. முதல் குறைதீர்ப்பாளர் சர் எட்மண்ட் காம்ப்டன் ஃபைல்களை வாங்கிப் பார்த்தார். ஆதாரங்களைச் சரியாகப் பரிசீலிக்காமலே முடிவெடுத்திருக்கிறார்கள் என்று 1967 டிசம்பரில் அறிக்கை கொடுத்தார். 1968-இல் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் பிரவுன், தம் துறையின் முடிவு சரிதான் என்று வாதாடிக்கொண்டே இழப்பீடு கொடுக்க ஒத்துக்கொண்டார்.

இரண்டாவது வழக்கு. பார்லோ குளோஸ் என்ற முதலீட்டு நிறுவனம் 1988-இல் விழுந்தது. சேமிப்பைப் போட்டிருந்த ஆயிரக்கணக்கானோர், அவர்களில் நிறைய ஓய்வு பெற்றவர்கள், நடுத்தெருவுக்கு வந்தார்கள். அந்த நிறுவனத்துக்கு லைசென்ஸ் கொடுத்த அரசுத் துறை சரியாகக் கண்காணிக்கவில்லை என்று 1989-இல் குறைதீர்ப்பாளர் சொன்னார். அரசாங்கம் அதை முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் சுமார் 15 கோடி பவுண்டு கொடுத்தது.

மூன்றாவதுதான் நான் சொன்ன வழக்கு. பிரிட்டனில் பெண்களுக்கு அரசு ஓய்வூதியம் 60 வயதில் கிடைத்துவந்தது. ஆண்களுக்கு 65. இரண்டையும் சமமாக்க 1995-இல் சட்டம் வந்தது. 2010-இல் தொடங்கிப் பெண்களின் வயதைப் படிப்படியாக உயர்த்துவது என்று முடிவு. 2011-இல் வந்த இன்னொரு சட்டம் வேகத்தைக் கூட்டியது. 1950-களில் பிறந்த முப்பது லட்சத்துக்கும் அதிகமான பெண்களை இது பாதித்தது. "அறுபதில் பணம் வரும் என்று நம்பி வேலையை விட்டோம். வயது கூடியது எங்களுக்குத் தெரியவே தெரியாது" என்பது அவர்களில் பலருடைய குறை.

குறைதீர்ப்பாளர் ஆறு பேரின் புகார்களை மாதிரியாக எடுத்து விசாரித்தார். வயதை உயர்த்தியது சரியா தவறா என்ற கேள்விக்குள் அவர் போகவில்லை. அது நாடாளுமன்றத்தின் முடிவு. அந்தப் பெண்களிடம் ஒழுங்காகச் சொன்னார்களா என்பதை மட்டும் பார்த்தார். 2004 வரை தகவல் கொடுத்த விதத்தில் தவறில்லை என்றார். நிறையப் பெண்களுக்கு விஷயம் போய்ச் சேரவில்லை என்பது அதற்குப் பிறகு துறைக்கே தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் நேரடியாகக் கடிதம் எழுதத் தாமதித்தார்கள். 2006 டிசம்பரில் தொடங்கியிருக்க வேண்டிய கடிதங்கள் 2009-இல்தான் புறப்பட்டன. 28 மாதத் தாமதம். இது நிர்வாகக் கோளாறு என்று 2021-இல் சொன்னார். 2024 மார்ச்சில் இறுதி அறிக்கை வந்தது. ஒருவருக்கு 1,000 முதல் 2,950 பவுண்டு வரை இழப்பீடு தகும் என்று அதில் எழுதினார். துறை தானாகக் கொடுக்காது என்று தோன்றியதால் விஷயத்தை நாடாளுமன்றத்தின் முன் வைத்தார்.

2024 டிசம்பரில் அரசாங்கம் பதில் சொன்னது. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டது. இழப்பீடு தர மறுத்துவிட்டது. அதன் பிறகும் விவகாரம் ஓயவில்லை.

பிரிட்டிஷ் பாட்டிகள் கேட்டதும் எங்கள் அப்பத்தா கேட்டதும் ஒரே கேள்வி. "சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்ல?"

பல் இல்லாத சிங்கமா?

மூன்று வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் தவறை மனதார ஒத்துக்கொள்ளாமலே கொடுத்தார்கள். இரண்டாவதில் அறிக்கையை முழுதாக ஏற்காமலே கொடுத்தார்கள். மூன்றாவதில் தவறை ஏற்றுக்கொண்டும் கொடுக்கவில்லை. குறைதீர்ப்பாளர் பரிந்துரைக்கத்தான் முடியும், கட்டாயப்படுத்த முடியாது என்பதே காரணம்.

அப்படியானால் என்ன பிரயோஜனம் என்று என் தோழி கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குத் தோன்றிய பதில்: அந்த 28 மாதத்தைக் கண்டுபிடித்து எழுதியது யார்? ஒரு தனி மனுஷிக்கு அந்த ஃபைல் கண்ணிலேயே பட்டிருக்காது. இப்போது அது அச்சில் இருக்கிறது. இனி எந்த அமைச்சரும் "எல்லாருக்கும் சரியாகத்தான் சொன்னோம்" என்று பேச முடியாது. பணம் வராதது பெரிய குறைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன என்று தெரியாமல் இருப்பது அதற்கும் மேலே இன்னொரு குறை. அந்த இரண்டாவது குறையையாவது அவர் தீர்த்துவைக்கிறார்.

நம் நாட்டில்

மொரார்ஜி தேசாய் தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்தக் குழு 1966-இல், மத்தியில் லோக்பால், மாநிலங்களில் லோக் ஆயுக்தா வேண்டும் என்று சொன்னது. ஊழல், மக்கள் குறை இரண்டையும் பார்க்க வேண்டும் என்பது அதன் எண்ணம். முதல் மசோதா 1968-இல் வந்தது. சட்டம் நிறைவேறியது 2013-இல்தான். முதல் லோக்பால் பதவியேற்றது 2019-இல். அந்தச் சட்டம் ஊழல் புகாரை மட்டும் பார்க்கிறது. நம் மாநிலத்தில் லோக் ஆயுக்தா சட்டம் 2018-இல் வந்தது. லஞ்சமே கேட்காத எங்கள் அப்பத்தா கதைக்கு அங்கே இடம் இல்லை.

ஆனால் தனித்தனித் துறைகளில் குறைதீர்ப்பாளர்கள் உண்டு. நமக்கு நெருக்கமானது மின்சாரம். 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் 42-ஆம் பிரிவைப் பாருங்கள். மின்சாரம் வழங்கும் நிறுவனமே ஒரு நுகர்வோர் குறைதீர் மன்றம் வைக்க வேண்டும். அங்கே தீராவிட்டால் மாநில ஒழுங்குமுறை ஆணையம் நியமிக்கும் மின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். மின்சாரத் திருட்டு வழக்கு இதில் வராது.

வங்கிகளுக்கு 1995-இலிருந்தே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் ஏற்பாடு இருக்கிறது. முதலில் வங்கியிலேயே எழுத்தில் கொடுத்து, 30 நாள் ஆகியும் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் அங்கே போகலாம். பாதை ஒன்றேதான், பார்த்தீர்களா? முதலில் அவர்களிடம், பிறகு வெளியாளிடம்.

மற்ற அலுவலகங்களுக்கு? கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு நாள் இருக்கிறது. நாங்களும் அங்கேதான் கொடுத்தோம். வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ஆனால் அந்த மனு சுற்றிச் சுற்றி, பெயரை அடித்த அதே மேஜைக்கே வந்து சேர்ந்தது. தப்பு சரியானது உண்மை. ஏன் நடந்தது என்று வெளியிலிருந்து கேட்க ஆள் இல்லை. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஓரளவு கைகொடுக்கும். பத்து ரூபாய் கட்டணத்தில் "எந்தத் தேதியில், எந்தக் காரணத்தால் நிறுத்தப்பட்டது?" என்று கேட்கலாம். சாதாரணமாக 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். முதல் தடவை போனபோதே இது எனக்குத் தெரிந்திருந்தால் நான்கு நாள் லீவும் பஸ் காசும் மிச்சம்.

நாம் செய்ய வேண்டியது

எங்கள் வீட்டைப் போல, காகிதம் என்றாலே பிள்ளைகளை எதிர்பார்க்கும் வீடுகளிலிருந்து வந்தவர்கள் நம்மில் பலர். அவர்களுக்காக:

* எதைக் கொடுத்தாலும் எழுத்தில் கொடுங்கள். ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.
* தேதி போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள். கூச்சப்பட வேண்டாம்.
* யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதி வையுங்கள்.
* கோபத்தைக் குறைத்து நடந்ததை வரிசையாக எழுதுங்கள். என்ன வேண்டும் என்பதை ஒரே வரியில் கேளுங்கள்.

எந்த நாட்டுக் குறைதீர்ப்பாளரும் முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிப்ளமோ முடித்து நம்மில் சிலர் ஓவர்சியர் ஆவோம், ஜூனியர் இன்ஜினியர் ஆவோம், ஏதோ ஒரு அலுவலகத்தில் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காருவோம். பணம் கட்டவில்லை என்பதற்காக ஒருவருடைய இணைப்பைத் துண்டிக்க வேண்டுமானால் 15 முழு நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று அதே மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு சொல்கிறது. வகுப்பில் படித்திருந்தால் மனப்பாடம் செய்து இரண்டு மார்க் வாங்கியிருப்பேன். இப்போது அந்தப் பிரிவைப் பார்த்தால் எனக்கு அப்பத்தா குரல்தான் கேட்கிறது. பூட்டின கதவைப் பார்த்தால் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரிப்பதற்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்ததால் ஒரு கிழவி மாத்திரையைப் பாதியாக உடைத்தது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அப்பத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளைக்காரப் பாட்டிகள் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டது. "அவுகளுக்கும் சொல்லலையா?" என்றது. பிறகு, "நீ வேலைக்குப் போனா சொல்லிட்டுச் செய்யித்தா" என்றது.

செய்வேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் செய்யுங்கள், நண்பர்களே.